சொட்டவிடச் சொன்ன குழாய்

இந்த ஊரில் புயல் வருகிறதென்றால் குழாயைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாயும் சொட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று நகராட்சியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. நான் மறுபடியும் ஒருமுறை படித்தேன். டெக்சாஸில் வருஷத்தில் பாதி நம் கும்மிடிப்பூண்டி வெயில்தான். வீடுகளையும் வெயிலை நினைத்தே கட்டியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் வெளிச்சுவர் ஓரமாகவே ஓடுகிறது. எப்போதாவது பனிப்புயல் வந்துவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடுமாம். ஓடுகிற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாதாம். காரணம் புரிந்தது, மனசுதான் ஒப்பவில்லை.

என் வீட்டுக்காரர் அருளிடம் வாசித்துக் காட்டினேன். "கொயாவ தொறந்து வுடறதா? இன்னா ஸ்டெல்லா, இவங்களுக்கு பைத்தியமா?" என்றார்.

அருள் சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தவர். உலை பக்கத்தில் நின்றுவிட்டு வருகிற மனுஷனின் சட்டையில் உப்புப் பூத்திருக்கும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பெரியவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் கம்பெனிக்குப் போனார், நான் நர்ஸிங் படித்தேன். எனக்கு இங்கே வேலை கிடைத்து, பிறகு அவரையும் அழைத்துக்கொண்டேன். அவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, காலியாகக் கிடக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். புயலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "குளிர் முடியட்டும். நான் ஊருக்கே போய்க்கிறேன். எனுக்கு இது ஆவாது." டியூட்டி முடித்து வந்த உடம்பில் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அவர் போனால் நான் தனி. இருந்தால் அவர் இப்படியே தேய்ந்துபோவார். எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

புயல் வருகிறதென்றதும் அவருக்குக் கை நிறைய வேலை வந்தது. கதவிடுக்கில் துண்டுகளைச் செருகினார். செடித்தொட்டிகளை உள்ளே தூக்கி வைத்தார். தோட்டத்துக் குழாய்க்குத் துணி சுற்ற வேண்டும் என்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்த நீலக்கட்டம் போட்ட லுங்கியை அதற்குக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக் கர்ட்டிஸ், ரிட்டயரான பெரியவர், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார். "ஆர் யூ கோயிங் டு ட்ரிப்?" என்று கேட்டார். அருள் தலையாட்டி, "நோ ட்ரிப். சிட்டிங் ஹோம் ஒன்லி" என்றார். வெளியூர்ப் பயணத்தைக் கேட்கிறார் என்று நினைப்பு. கர்ட்டிஸ் கவலையோடு சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "யூ ஹேவ் டு ட்ரிப்!" என்றார். "இன்னா ஸ்டெல்லா, இவரு நம்மள ஊர வுட்டு தொரத்துறாரு?" என்றார் அருள். அவர் சொல்வது ஊர் சுற்றும் ட்ரிப் இல்லை, குழாயைச் சொட்டவிடுகிற 'டிரிப்' என்று நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். எனக்கு ட்ரிப் என்றால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ். ஊரில் எங்கள் தெருவுக்கோ ட்ரிப் என்றால் தண்ணீர் லாரி வந்து போகிற நடை. "இன்னிக்கு எத்தினி ட்ரிப்பு?" என்பதுதான் காலையில் முதல் கேள்வி.

ஊரில் மார்கழி ஒட்டிப் புயல் வரும்போது நாங்கள் செய்கிற முதல் காரியம் ஏனங்களை ரொப்புவது. குடம், அண்டா, குக்கர், சோப்பு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா வரைக்கும் தண்ணீர் நிற்கும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, ரோட்டில் வெள்ளம் நின்றால் லாரி வராது. வாசலில் முழங்காலளவு தண்ணீர், குடிக்க ஒரு டம்ளர் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறோம். ஒழுகும் குழாயைப் பார்த்துவிட்டு மூடாமல் நகர்ந்தவரை எங்கள் தெரு சும்மா விடாது.

இங்கே புயலன்று பனியில் ரோடெல்லாம் வழுக்கும் என்பதால் நர்ஸுகள் எங்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். சாயந்தரம் போன் செய்தேன்.

"யோவ், தண்ணி சொட்டுதா?"

"சொட்டுதும்மா. எல்லா கொயாவும் சொட்டுது. கேட்டுகினே கீறேன், பேஜாரா கீது."

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்சுவரில் குழாய் வெடித்திருந்தது. கர்ட்டிஸ் ஓடிவந்து தெருவோரப் பெட்டியில் மெயின் வால்வை அடைத்திருக்கிறார். அருள் ஈரத் துண்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். கூடம் முழுக்க நடக்க இடமில்லாமல் ஏனங்கள்: பக்கெட், இட்லிப்பானை, குக்கர், காபி டம்ளர்கள், என் டிபன் பாக்ஸ். எல்லாம் விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"வீணா போவுதேன்னு ஒவ்வொரு கொயாக்கும் ஒரு ஏனம் வெச்சேன். ஒண்ணு ரொம்புனா வேற ஒண்ண மாத்திகினே இருந்தேன். எல்லாம் ரொம்பிடிச்சி ஸ்டெல்லா. வேற ஏனம் இல்ல. அதான் மூடிட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். "நான் போயிட்டா உனுக்கு இந்தத் தொல்ல இல்ல" என்றார். நான் அவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தரையைத் துடைத்தேன்.

அன்று மத்தியானம் ஊர் முழுக்கவே தண்ணீர் நின்றுபோனது. எங்கெங்கோ குழாய் வெடித்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தம் இல்லையாம். கர்ட்டிஸ் நகராட்சி சொன்னபடி தவறாமல் சொட்டவிட்டிருந்தார். அவர் வீட்டுக் குழாயும் காற்றுதான் விட்டது. அருள் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்தார். "ஒன் ட்ரிப்" என்றார். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினார். "டூ ட்ரிப்." கர்ட்டிஸுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். இந்த ஊருக்கு வந்தபின் அருள் நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. ஈஸ்டரும் வந்துவிட்டது, வெயில் அடிக்கிறது. ஊருக்குப் போகும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று மனசு பொறுக்காமல் சுற்றி வளைத்தேன்: "யோவ், அந்த லுங்கிய அவுத்துகினு வாயா. ஊருக்குப் போறப்ப வோணாமா?"

"கெடக்கட்டும் வுடு," என்றார். "அடுத்த குளிருக்கு மறுபடி கட்டணும் இல்ல?"

சந்தோஷப்படுவதா, பாவம் என்று நினைப்பதா தெரியாமல் தோட்டத்துப் பக்கம் போனேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கிய லுங்கி, வெயிலில் நிறம் வெளுத்து, டெக்சாஸ் குழாயின் இடுப்பில் நின்றது. குழாயைத் திறக்கப் பார்த்தேன். திருகு சட்டென்று திரும்பவில்லை. நம்மூர்க் கை அதை அவ்வளவு இறுக்கி மூடியிருந்தது.