பயா வாசலில் கழற்றிய செருப்பு

போன மாதம் மருமகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏதோ சுற்றுலா விளம்பரம். குடும்பத்தோடு நடந்து பார்க்கலாமாம். கடலோரத்தில் பறவைக் காப்பகம், போகிற வழியில் வயல், பழங்காலத்துப் பயா. புத்தர் கோயிலை இங்கே பர்மாவில் தமிழர்கள் நாங்களும் பயா என்றுதான் சொல்லுவோம். குழந்தைகளும் களைக்காமல் நடக்கக்கூடிய பாதை என்று போட்டிருந்தது. வழிகாட்ட ஒரு பையன், கழுத்தில் தூரக்கண்ணாடியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பேரப்பிள்ளைகள் குதித்தன. நான் எழுந்து போய்விட்டேன்.

கிழவனுக்கு முட்டிவலி என்று மருமகள் நினைத்திருப்பாள். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. தாமுவே சந்தையில் தலைச்சுமையாய் வெங்காயம் விற்று ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு லத்தாவில் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன்; என் கடையில் பட்டம் வாங்கியவன் நின்றுகொண்டு பதில் சொல்கிறான். இந்தக் கால்கள் நடக்காத நடையா? ஆனால் அந்தப் பாதையில் மட்டும் கால் வைக்கமாட்டேன். பாதை உன்னை என்ன செய்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு யார்டில் வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிற பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. சித்திக்கு இடது கால் கொஞ்சம் கட்டை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் வைத்துவிட்டுப் போனது. நடந்தால் ஒரு தோள் இறங்கி ஏறும். அது ஒரு குறை என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றால் நம்பமாட்டீர்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், சித்தி என்றால் அப்படித்தான் நடப்பாள். அப்பா என்றால் கத்துவார் என்பது போல.

ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் குமாஸ்தா. பெண்ணின் நடை சரியில்லை என்று யாரோ அவனுடைய அம்மா காதில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் அதை நேராகக் கேட்டிருந்தால் மரியாதை. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்று பெண் பார்த்தால் லைன் வீடு முழுக்க எட்டிப் பார்க்கும், பெண்ணுக்குத்தான் கெட்ட பேர்; ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் ஆற்றைத் தாண்டிப் போய்க் காலார நடந்து, பயா கும்பிட்டு, கடலையும் பார்த்துவிட்டு வருவோம் என்று தேனாகச் சொல்லி அனுப்பினாள். மாடு வாங்குகிறவன் இரண்டடி நடக்கவிட்டுப் பார்ப்பான். இவள் மைல் கணக்கில் நடக்கவிட்டுப் பார்க்க நினைத்தாள். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. முடியாது, எங்கள் பெண்ணுக்குக் கால் இப்படி, இஷ்டம் இருந்தால் வா என்று சொல்லியிருக்கவேண்டும். அதற்கு வாய் வரவில்லை. ஸ்டேஷன் பின்னால் செருப்புத் தைக்கிறவரிடம் போய், ஒரு ஜோடியில் இடது செருப்புக்கு மட்டும் டயர் ரப்பரை அடுக்கி ஒட்டச் சொல்லி வாங்கி வந்தார். மேலே சேலை விழுந்துவிட்டால் பிரம்மனுக்கே தெரியாது என்று மீசையைத் தடவிக்கொண்டார். சித்தி அதைப் போட்டுக்கொண்டு வீட்டு நடையில் போவதும் வருவதுமாக ஒரு வாரம் பழகினாள். தோள் இறங்கவில்லை. புதுச் செருப்பு வந்த பெருமையில் நடக்கிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கு வாங்கித் தரவில்லையே என்று ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தேன்.

எனக்கு அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உனக்குக் கடல் காட்டப் போகிறோம். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை.

ஆற்றில் படகு, அப்புறம் ஆளேற்றிப் போகிற லைன் கார், அது நின்ற இடத்திலிருந்து நடை. நல்ல இடம்தான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட வயல். கொக்குகள் வெள்ளைத் துணி உலர்த்தினது போல உட்கார்ந்திருந்தன. ஆனால் பார்க்கிறவர்கள் யார்? மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் பின்னாலேயே வந்தாள். கண் முழுக்கச் சேலைக் கரைக்குக் கீழே. பாதை நன்றாக இருக்கும்போதே, வாம்மா, வரப்பில் போவோம், காற்று நல்லா வரும் என்று கூப்பிட்டாள். சித்தி வரப்பிலும் நடந்தாள். மாப்பிள்ளை எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தான். நான் ஓடினால் ஓடாதே என்றார்கள், நின்றால் நிற்காதே என்றார்கள். கடல் எப்போது வரும் என்று கேட்டதற்கு அப்பா மண்டையில் ஒன்று போட்டார். அவர் அப்போது நல்ல சந்தோஷத்தில் இருந்தார். சந்தோஷத்திலும் அடிக்கிற கை அது.

அப்புறம் பயா வந்தது.

கடலுக்குப் போகிற பாதை அந்தப் பழைய பயா முற்றத்தின் நடுவிலேதான் போகிறது. ஒரு பக்கம் சேற்று ஓடை, இன்னொரு பக்கம் முள்ளுக்காடு. வாசலில் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தோம். அப்பாவும் பேசிக்கொண்டே ஒரு கால் செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றப் போகும்போது அப்படியே நின்றுவிட்டார்.

முந்தின வாரம் அப்பா தானே வந்து அந்த வழியை நடந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எங்கே மேடு, எங்கே கல், சித்தி எங்கே தடுக்குவாள் என்று எல்லாம் பார்த்தவர். அன்றும் இதே வாசலில் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போயிருப்பார். அது அவர் மண்டையில் ஏறவில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்குப் பயா வாசலில் செருப்புத் தானாகக் கழன்றுவிடும். மூச்சு விடுவதை யாராவது நினைவு வைத்துக்கொள்வார்களா?

வெயில் ஏறிவிட்டது, தரை சுடும், சுற்றிக்கொண்டு போகலாம் என்று அப்பா இழுத்தார். முள்ளுக்குள்ளேயா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டுக் கும்பிடாம போறதா தம்பி? நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்."

அம்மா சித்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சொல்லிடுடி. இன்னைக்குத்தான்னு சொல்லிடு. வெளியவே உக்காந்துக்கலாம்."

வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு விலக்கு, திடீரென்று வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை. எங்கள் பெண்கள் அந்த நாளில் கோயில் வாசல் மிதிக்கமாட்டார்கள். அந்த அம்மாளும் எங்கள் சனம்தான். அதைச் சொன்னால் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டாள். அவளே, நீ நிழலில் உட்காரம்மா, இன்னொரு நாளைக்கு வருவோம் என்றிருப்பாள். அப்பாவின் மீசையும் பிழைத்திருக்கும், வரனும் பிழைத்திருக்கும்.

சித்தி அம்மா முகத்தைப் பார்த்தாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. தோள் இறங்கியது, ஏறியது. புத்தர் முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டு அதே நடையில் திரும்பி வந்தாள். சுடுகிற தரையில் அவள் ஒரு தடவைகூட ஓடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்த செருப்பைப் பிடுங்கினாள். புரட்டிப் பார்த்தாள். ரப்பரை நகத்தால் சுரண்டினாள். என்னிடம் கொடுத்ததை அவள் எப்படிப் பிடுங்கலாம் என்று எனக்கு ஆத்திரம்.

"செருப்புக்கா தம்பி என் மகன் தாலி கட்டணும்?"

அப்பாவைப் பார்க்கவேண்டுமே. வீட்டில் தட்டு பறக்கவிடுகிற மனுஷன், ஒரு செருப்பு கழற்றினபடி, ஒரு செருப்பு போட்டபடி நின்றார். மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? பெரிய மணியில் செதுக்கியிருந்த பர்மிய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான், மறுநாள் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி. அந்த எழுத்தெல்லாம் படிக்கத் தெரிந்தவனுக்கு, அம்மா போதும் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எனக்குப் படிப்புக் கம்மி என்று என்னைக் கேலி பேசினவர்கள் உண்டு. அவர்களிடம் எல்லாம் நான் அந்தக் குமாஸ்தாவைத்தான் காட்டுவேன்.

சித்தி அந்த அம்மாளிடம் வந்து நின்றாள்.

"பாத்துட்டீங்கல்லம்மா, இதுதான் என் நடை. கடல் இன்னும் கொஞ்ச தூரம்தான், வர்றீங்களா?"

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொண்ணைப் பெத்தவங்க இல்லாத வீட்டுல வாய் மட்டும் வளந்திருக்கு என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. யார் மேல் பாய்ந்தார் என்கிறீர்கள்? சித்தி மேல். அந்த அம்மாள் மேல் இல்லை, மணி படித்தவன் மேல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கத்தினார். அந்தக் கத்தலை அப்பா கடைசி வரைக்கும் நிறுத்தவில்லை. பின்னாளில் சித்தி தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டபோது, அந்தக் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. அப்பா செத்து எத்தனையோ காலம் ஆகிறது. நான் திதி கொடுக்கிறேன். அந்த விஷயத்தில் மட்டும் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

சித்தி அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. வாடா, உனக்குக் கடல் காட்டுறேன்னுதானே கூட்டிட்டு வந்தோம் என்று என் கையைப் பிடித்தாள். செருப்பை எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் பின்வாசல் வழியாகப் போனோம்.

கடல் நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது டீத்தண்ணி நிறத்தில் தூரத்தில் கிடந்தது. தண்ணீர் வடிந்து கண்ணுக்கு எட்டினவரை சேறு. அதில் மீன்கள் காலில்லாமல் தத்திக்கொண்டு போயின. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிவப்பு நண்டுகள், ஆயிரக்கணக்கில், எங்களைக் கண்டதும் பொந்துக்குள் ஓடின. சித்தி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். என் கால் புதைந்தது, அவள் காலும் புதைந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் உள்ளே போயிற்று. இரண்டு பேருமே கோணிக்கொண்டு நடந்தோம்.

அப்பாவின் சத்தம் காற்றில் இன்னும் கேட்டது. எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அம்மா காதில் சொல்லிக் கொடுத்தாளே, நான்கூடக் கேட்டேனே, அதைச் சொல்லியிருந்தால் இத்தனை ரகளை வந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான். வாய்ப்பாடு நாக்கு நுனி வரை வரும், வாத்தியார் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். பிரம்படி விழும். சித்திக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா சொன்னது மறந்துபோச்சா சித்தி என்று கேட்டேன்.

"ஆமாண்டா, மறந்துபோச்சு" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. பயப்படாதே, அடுத்த தடவை பெண் பார்க்க வரும்போது நான் பக்கத்திலேயே நிற்கிறேன், மறந்தால் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சித்தி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சேற்றுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நண்டுகள் எல்லாம் பொந்துக்குள் போய் ஒளிகிற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. உதவி செய்கிறேன் என்று சொன்னவனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்கு வந்த கோபத்தில், லைன் கார் ஏறும்வரை நான் அவளோடு பேசவில்லை.