நனையாத பட்டை

"பட்டை நனையக் கூடாது" என்பது முதல் விதி. மெல்லிய நெகிழியில் வெள்ளி மையால் அச்சடித்த அந்தப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டினால், வியர்வையின் உப்பையும் நடையையும் அளந்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அதைப் பழவேற்காடு ஏரியில் நாளெல்லாம் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற என்னை மேற்பார்வைக்கு வைத்தார்கள்.

ஏரிக் கிராமமான பசியாவரத்தில் ஓர் அம்மாள், ஒல்லி, வெயிலில் கறுத்தவர். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துப் பழகியதால், கரையிலும் அதைக் கடித்தபடிதான் பேசுவார். பட்டை ஏரியின் உப்பை அவருடைய உப்பாக அளந்தது. ஆய்வகம் பதறி, மறு உத்தரவு வரும்வரை அவர் ஏரியில் இறங்கக் கூடாது என்றது. இறால் நன்றாகக் கிடைக்கும் பருவம் அது.

அடுத்த முறை போனபோது, பட்டை அவருடைய ஆட்டின் மயிர் மழித்த காலில் இருந்தது.

"என்னம்மா இது?"

பறியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார், நனையக் கூடாதுன்னு நீதான சொன்ன? நான் தண்ணிக்குப் போவணும். அது போவாது."

அணிபவர் மனிதராக இருக்க வேண்டும் என்று விதிகளில் எங்கும் இல்லை. நன்றாகத் தேடிவிட்டு, அளவுகள் சரியென்று கையெழுத்திட்டேன்.

"உடல்நிலை சீர். ஏரியில் இறங்கலாம். நிறைய நடப்பது பாராட்டுக்குரியது" என்று பதில் வந்தபோது ஆட்டின் நெற்றியில் குங்குமம் இருந்தது. அன்று மாட்டுப் பொங்கல்.