எந்த அவுன்ஸ்?

எண்பதுகளின் தொடக்கத்தில், கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் சோதனைக்கூட உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார். அக்கா பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கு ரசாயனம் பிடிக்கும். வீட்டில் யாரும் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அளவுகள் மாறிக்கொண்டிருந்த காலம். பள்ளியில் லிட்டரும் கிராமும் படித்தோம். ஆலையில் பழையவர்கள் கேலன், அவுன்ஸ் என்றே பேசினார்கள். புதிதாக வந்த கண்ணாடிக் குவளைகளிலோ மில்லிலிட்டர் கோடுகள். நேர்முகத்தில், ஆலைக் கணக்கெழுதும் கிராணியார் அதைத்தான் கேட்டார். துணைக்குப் போன நான் பின்பெஞ்சில் இருந்தேன்.

"ரப்பர் பால் உறையறதுக்கு ஒரு கேலன் தண்ணியில ரெண்டு அவுன்ஸ் ஆசிட். மில்லில எவ்வளவு?"

"எந்த அவுன்ஸ் ஐயா? எடையா, அளவா?"

"அவுன்ஸ்ல ஏதும்மா ரெண்டு சாதி?"

"தண்ணின்னா ரெண்டும் ஒன்னுதான் ஐயா. ஆசிட் தண்ணிய விட கனம். எடைன்னா மில்லி குறையும்."

கிராணியார் பக்கத்தில் நின்ற, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரைப் பார்த்தார். "கணக்குக் கேட்டா நமக்கே பாடம் நடத்துது லா." இருவரும் சிரித்தார்கள். அடுத்து வந்த பையன், "அறுபது ஐயா, கிட்டத்தட்ட" என்றான். வேலை அவனுக்குப் போனது.

வீட்டில் அம்மா விடவில்லை. "ரெண்டுன்னு கேட்டா ரெண்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"மாத்திக் கலந்தா பால் கெட்டுப்போகும்மா."

"இப்ப எது கெட்டுப்போச்சு?"

அக்கா அந்த மாதமே சுங்கைவேயில் விடுதியில் சேர்ந்தாள். உருப்பெருக்கியில் குனிந்து, மயிரிழைக் கம்பிகளைப் பொருத்தும் வேலை.

சில வருடம் கழித்து, ஐந்தாம் படிவத்தில் எனக்கு ரசாயனத்தில் ஒரு செறிவுக் கணக்கு பிடிபடவில்லை. தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த அவளிடம் காட்டினேன். கணக்கை ஒருமுறை படித்தாள், விடையைச் சொன்னாள். எப்படி வந்தது, ஏன் ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியாதது அல்ல.

"கேட்டத எழுது. போதும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.