சித்தி வீட்டில் தங்குவோம்

சில வருடங்களுக்கு முன், பங்குனி மாத வெயிலில், நெடுந்தீவில் நடந்தது இது. நான் இங்கேயே பிறந்து, யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து, திரும்பி வந்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுப்பவள். வணிகப் புள்ளிவிபரவியல் என்றால் பிள்ளைகளுக்குக் கசப்பு, எனக்கு உயிர். நாமே நேரில் போய்க் கேட்டுத் திரட்டுவது முதல்நிலைத் தரவு. வேறொருவர் முன்பே திரட்டி வைத்ததை எடுத்துப் பயன்படுத்துவது இரண்டாம்நிலைத் தரவு. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலாவதைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவேன். நேரே வாயிலிருந்து வருவதல்லவா, அதில் என்ன பிழை வரப்போகிறது என்று நம்பியிருந்த காலம்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்காவுக்கு இருதயத்தில் கோளாறு. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிளினிக். காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, டொக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை என்று நின்று முடித்து ஓடி வந்தால், பெரும்பாலும் கடைசிப் படகு போயிருக்கும். அப்படிப் பிந்துகிற நாட்களில் ஆஸ்பத்திரி விறாந்தையிலுள்ள நீட்டு மர வாங்குதான் எங்களுக்குப் படுக்கை. யாழ்ப்பாணத்து நல்லூரில் எங்களுக்கு ஒரு சித்தி இருந்தவர்தான். அவர் கனடாவுக்குப் போய், அந்த வீட்டையும் விற்றுவிட்டார். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை அதே விறாந்தையில், இரண்டு வாங்கு தள்ளி, எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு அம்மா சீலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தலைப்பு விலகியபோது அவரும் எங்களைக் கண்டார். நாங்களும் அவரைக் கண்டோம். மூவரும் காணாத மாதிரி இருந்துவிட்டு, மறுநாள் ஒரே படகில் ஊருக்கு வந்தோம். படகிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பங்குனியில்தான் ஒரு தனியார் நிறுவனம் மாலையில் இன்னொரு படகு விடலாமா என்று பார்க்க வந்தது. அவர்கள் சும்மா வரவில்லை. பழைய பயணிகள் கணக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காலையில் போகிறவர்களில் ஒரு பகுதியினர் அன்றைக்குத் திரும்பி வருவதில்லை. அவர்கள் விரும்பித் தங்குகிறார்களா, வழியில்லாமல் தங்குகிறார்களா? அதைக் கணக்கு சொல்லாது, வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு சரியான கேள்வி! வினாக்கொத்தைக் கொண்டு போக உள்ளூரில் ஆள் தேடியபோது என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அக்கா இனி வாங்கில் படுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர், என்னைவிட வயதில் சின்னவர், என்னோடு கூடவே வந்தார். போன இடமெல்லாம் நல்ல கதிரையைத் தூக்கி முற்றத்து நிழலில் போட்டார்கள். இளநீர் வெட்டினார்கள். வீட்டில் சீனி இருந்ததோ தெரியாது, எங்கள் தேத்தண்ணியில் சீனி இருந்தது. ஆனால் கடைசிப் படகைத் தவறவிட்டால் எங்கே தங்குவீர்கள் என்ற கேள்வி வந்ததும், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் முகம் நிமிர்ந்தது. மருமகன் வீடு, பெறாமகள் வீடு, சம்பந்தி வீடு. யாழ்ப்பாணம் முழுக்க எங்கள் ஆட்களுக்குக் கதவு திறந்து கிடந்தது.

விறாந்தையில் படுத்திருந்த அந்த அம்மாவிடமும் கேட்டோம். என் முகத்தைப் பார்க்காமல், மேற்பார்வையாளரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்களுக்கென்ன தம்பி கரைச்சல்? ரவுணிலை எங்கடை ஆக்கள் இருக்கினம். நிண்டு, ஆறுதலா வருவம்."

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. யாழ்ப்பாண ரவுணில் ஒதுங்க ஒரு வீடில்லை என்று சொல்வது எங்கள் ஊரில் படகுப் பிரச்சினை அல்ல. சொந்தம் கைவிட்ட குடும்பம், தேட ஆளில்லாதவர்கள் என்று நாமே பறைசாற்றுவது போல. பாதி ஊர் வெளிநாட்டில் இருக்கிறது. மிச்சம் இருப்பவர்களிடம் கௌரவம் ஒன்றுதான் முழுதாக இருக்கிறது. அதை ஒரு வினாக்கொத்துக்காக யார் விட்டுக்கொடுப்பார்?

கேட்க வேண்டிய வீடுகளுக்குள் எங்கள் வீடும் வந்தது. நான் சொல்லியிருந்தபடி உள்ளதை உள்ளபடி சொல்லுவார் என்று நினைத்துத்தான் அக்கா முன்னால் இருந்தேன். அவர் புதுச்சீலை உடுத்தி, பொட்டு வைத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மேற்பார்வையாளரே கேள்வியைக் கேட்டார்.

"பிந்தினால் சித்தி வீட்டிலை தங்குவம். நல்லூரிலை பெரிய வீடு" என்றார் அக்கா.

என் கையில் பேனை நின்றுவிட்டது. "அக்கா!" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "தம்பி, தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.

வாசலுக்கு வந்ததும் மேற்பார்வையாளரை மறித்துச் சொன்னேன். இது உண்மை இல்லை, அந்த வீடு விற்றாயிற்று, இன்றைக்குக் கேட்ட முக்கால்வாசிப் பதில் இப்படித்தான் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"மிஸ், நீங்களே படிப்பிக்கிறனீங்கள். அவை சொன்னதைத்தான் எழுதலாம். எங்களுக்குத் தெரிஞ்சதை எழுதேலாது."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது.

வீட்டுக்குள் போய் அக்காவோடு சண்டை பிடித்தேன். "ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை? ஆஸ்பத்திரி வாங்கிலை கிடக்கிறம் எண்டு பிறத்தியானுக்குச் சொல்லுறதோ? மற்றவை சொல்லுவினம்தானே. எங்கடை ஒரு வீடு சொல்லாட்டி என்ன?"

ஒவ்வொரு வீடும் அப்படித்தான் நினைத்திருக்கிறது.

படகு வரவில்லை. மாலைச் சேவைக்குத் தேவை இல்லை என்று அந்த நிறுவனம் முடிவெடுத்தது. அக்கா கிளினிக்குக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "மருந்து கிடக்குதுதானே, அடுத்த மாசம் பாப்பம்" என்பார். நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். வாங்கில் இரவைக் கழிக்க அந்த உடம்புக்கு இனி ஏலாது என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது. அடுத்த மாரியில், கடல் குழம்பிப் படகுகள் ஓடாத ஒரு காலையில், அக்கா போய்விட்டார். மாலைப் படகு இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

அக்காவின் அந்திரட்டிச் சடங்கு முடிந்து சில கிழமைகளில், வேறொரு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தீவின் போக்குவரத்துத் திட்டமாம். எனக்குள் மறுபடியும் ஒரு சின்ன நம்பிக்கை. இந்த முறை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், தனியாகக் கேட்க வேண்டும், பெண்களைக் குசினிக்குள் வைத்துக் கேட்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். ஆனால் அவர்கள் கேட்க வரவில்லை. ஏற்கெனவே செய்த ஆய்வு இருக்கிறது, திரும்பக் கேட்டு மக்களைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை என்றார் அந்த அதிகாரி. திரையில் ஒரு அட்டவணை வந்தது. நான் வெயிலில் நடந்து திரட்டியதேதான். அக்காவின் சித்தி வீடும் அதற்குள் ஒரு எண்ணாக இருந்தது.

எழுந்து நின்றேன்.

"அது பொய் சேர். நான்தான் எடுத்தனான். எங்களுக்கு ரவுணிலை ஒருத்தரும் இல்லை. நானும் அக்காவும் ஆஸ்பத்திரி வாங்கிலை படுத்தனாங்கள். இஞ்சை இருக்கிற கனபேர் படுத்தவை. கேளுங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கையின் அந்த அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சரிசெய்தார். பின்னாலிருந்து ஒரு அண்ணை எழும்பி, என்மேல் உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ சேர். அவவின்ரை அக்கா இப்பதான் மோசம் போனவ. பிள்ளைக்கு மனம் சரியில்லை."

அதிகாரி என்னைப் பார்த்து ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். பிறகு அடுத்த அட்டவணைக்குப் போனார். யாரோ என் தோளைப் பிடித்து மெதுவாக இருத்திவிட்டார்கள்.

இப்போதும் அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். வரைவிலக்கணங்கள் மாறவில்லை, பிள்ளைகள் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். நான்தான் முதல்நிலைத் தரவு என்ற இடம் வந்ததும் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அக்கா இல்லை, படகு இல்லை, சித்தியின் வீடும் இல்லை. ஆனால் இந்தத் தீவைப் பற்றி இனி யார் எங்கே இருந்து எதை எழுதினாலும், நல்லூரில் ஒரு பெரிய வீட்டில் நானும் அக்காவும் ஆறுதலாகத் தங்கிக்கொண்டே இருப்போம்.