காருக்குப் பால் ஊற்றிய கதை

எங்கள் எஸ்டேட் மேனேஜர் வெள்ளைக்காரத் துரையின் காரைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புத் தகடுகளைக் கழற்றிய அன்றுதான் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. மலாயாவின் எமர்ஜென்சி எங்கள் பக்கம் கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். ரப்பர் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்ட்காரன் குண்டு பாயும் என்று பயந்து தகடு போர்த்தி ஓட்டிய கார் அது. தகட்டை எடுத்ததும் பார்த்தால், கறுப்புப் பெயிண்ட் சுண்ணாம்பு பூத்து, ஆணி இருந்த இடமெல்லாம் துருவேறி, அம்மை வார்த்த எருமை போல நின்றது.

“தம்பின் டவுன் பட்டறைக்கு அனுப்பணும்,” என்றார் துரை.

நான் டிரைவர். சும்மா இருந்திருக்கலாம். “எதுக்கு துரை? நானே அடிப்பேன். பட்டறையில பார்த்திருக்கேன்லா!” என்றேன். பார்த்தது உண்மைதான். எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டு பார்த்தேன்.

துரைக்குத் தொழிலாளர் லயத்துத் தமிழ் வரும், இலக்கணம் மட்டும் வராது. “சனிக்கிழமை மூணு மணி, பெரிய துரை வரும். கார் நல்லா இருக்கு, நீ டிரைவர். கார் கெட்டுப் போச்சு, நீ பால்மரம் வெட்டப் போ.”

மரம் சீவிப் பால் எடுப்பதில் எஸ்டேட்டிலேயே கைதேர்ந்தவள் என் மனைவி. நாற்பத்து மூன்று வயதில் நான் அவளுடைய மர நிரையில் அவளுக்குப் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

பெயிண்ட் டின்னை எடுத்துக்கொண்டு முள்வேலி வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று மலாய்க் காவலர் எல்லா டின்னையும் திறந்து பார்ப்பார். இதில் விரலையே விட்டார். அடுத்த வாரம் வரைக்கும் அவர் விரலும் என் காரும் ஒரே நிறம்.

ரப்பர் ஸ்டோருக்குள் காரை ஏற்றி, பழைய பெயிண்ட்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றது. மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை கடைசிப் பூச்சு. சனிக்கிழமை காலை ஸ்டோர்க் கதவைத் திறந்து காரைத் தடவிப் பார்த்தேன். எஞ்சினுக்கு மேலுள்ள முன்மூடி முழுக்க ஸ்டோர்த் தூசி ஒட்டி, பூனை நாக்கு போல் சொரசொரவென்றிருந்தது. மறுபடி தேய்த்துப் பூச நேரமேது? மனித முயற்சி முடிந்தது, இனி சாமிதான் என்று காரை வெளியே நிறுத்தி எலுமிச்சம்பழம் தேடினேன். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மனைவியிடம், “வரும்போது கொஞ்சம் பால் கொண்டா, காருக்கு ஊத்தணும்,” என்றேன்.

பதினொரு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பினேன். முன்மூடி வெள்ளைவெளேரென்றிருந்தது. பக்கத்தில் காலி வாளியோடு அவள்.

“என்னாடி இது!”

“நீங்கதானே பால் ஊத்தச் சொன்னீங்க?”

“அடிப்பாவி, ரப்பர் பாலா? சாமிக்கு ஊத்துற பாலுடி!”

“வேலி போட்டதும் மாட்டையெல்லாம் வித்தாச்சு. இந்த எஸ்டேட்டுல பால்னா ஒண்ணுதான். மாட்டுப்பால்னா மாட்டுப்பால்னு சொல்லணும்லா!”

என் வேலைக்கே பால் ஊற்றிவிட்டாள் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, வேட்டி முனையோடு பாய்ந்தேன். அவள் வாளியைக் குறுக்கே நீட்டினாள்.

“தொட்டீங்க, கையை ஒடிச்சுருவேன். ஈரத்துல துடைச்சா பெயிண்ட்டும் சேர்ந்து வந்துரும். வெயில்ல கிடக்கட்டும்.”

அவள் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். நான் காரைச் சுற்றி நாற்பது தடவையாவது நடந்திருப்பேன். துரைக்குச் சொல்லப் பொய் தேடினேன். “கம்யூனிஸ்ட்காரன் வந்து ஊத்திட்டுப் போயிட்டான், துரை” என்பதைத் தவிர ஒன்றும் அமையவில்லை. அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஆமா, துப்பாக்கியைப் போட்டுட்டு வாளியோட வந்தான்,” என்றாள் அவள்.

இரண்டு மணிக்கு வெள்ளை மறைந்து தேன் நிறமாக, கண்ணாடி போலத் தோல் கட்டியது. அவள் ஓரத்தில் நகத்தால் நெம்பினாள். மரத்துக் கொட்டாங்கச்சியில் காய்ந்த பாலை உரிக்கும் அதே கைப்பழக்கம். தோல் சர்ரென்று ஒரே துண்டாக வந்தது. பெயிண்ட் வரவில்லை. தூசிதான் வந்தது, அத்தனையும். தடவினேன். கை வழுக்கிக்கொண்டு போனது.

கதவுகளுக்கும் ஊற்றச் சொல்லிக் கெஞ்சினேன். “அது போதும்,” என்று விட்டாள். மீதியை மெழுகு போட்டுச் சமாளித்தேன்.

மூன்று மணிக்குப் பெரிய துரை முன்மூடியில் குனிந்து தன் மீசையைச் சரிசெய்துகொண்டார். எங்கள் துரை என்னைத் தனியே கூப்பிட்டார். “என்ன பாலிஷ்?”

“பால், துரை.”

“பாலா? நல்லது. நீ டிரைவர்.”

சாவி என் கையிலேயே இருந்தது. காரை எடுத்து ஆபீசைச் சுற்றி, தேவையே இல்லாத ஹாரன் இரண்டு அடித்து, ஸ்டோர் வாசலில் நிறுத்தினேன். மனைவி உரித்த தோலைச் சுருட்டி எடைக்குப் போடும் ஒட்டுப்பால் வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அதையுமா நிறுக்கப் போறே?”

“பின்ன? நம்ம பால்தானே,” என்றவள், முன்மூடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள்.