இளைப்பு யார் வழி

“வீட்டுல யாருக்காச்சும் இளைப்பு இருந்துதுங்களா?” பீளமேட்டு டாக்டரின் அந்தக் கேள்விக்கு இன்னமும் நான் பதில் சொல்லவில்லை.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் மடியில் அவள் நெஞ்சு, தூங்கும் பூனையைப் போல் கர்கர் என்றது. சிறுமியாக இருந்தபோது என் நெஞ்சும் அப்படித்தான். கல்யாணப் பேச்சில் அம்மா அதை மறைத்துவிட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “எங்கூட்டு வாகு தானுங்க. எங்கூட்டுக்காரரு மில்லுப் பஞ்சத் தின்னே இருமுனவரு. மருமவ பக்கம் ஒரு தும்மல்கூடக் கெடையாதுங்க.”

“அது தூசியில வந்ததுங்கம்மா. பரம்பரையா வாரதத்தான் கேக்கறனுங்க” என்று டாக்டர் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இலவம்பஞ்சு ஒன்று இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அது கண்ணை விட்டு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அவளுக்கு இளைக்கும்போதெல்லாம், “எங்கூட்டுப் பாவம், கண்ணு” என்று மாமியார் அவள் முதுகை நீவிவிடுகிறார். அந்தக் கை என் முதுகில் ஊர்வதுபோல் இருக்கிறது. இத்தனை நாள் கழித்து இதை அவரிடம் எப்படித் தொடங்குவது? தெரிந்த வாசகர்கள் ஒரு தபால் கார்டில் எழுதுங்களேன்.