தேக்குப் படிக்கட்டு வீடு

தையல் மெஷினிலிருந்து தலை நிமிர்ந்தபோது, யாரோ ஒருவர் எங்கள் வீட்டுத் தூணை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் அந்த இடத்தை குடோன் கட்டுவதற்கு விற்கப் போகிறார் என்று ஒரு மாதமாகவே பேச்சு.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த எனக்கு அந்த வீடு புதிது. அந்தக் காலத்து வியாபாரி யாரோ கட்டிய பங்களா. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர்கள், வெயில் காலத்திலும் கை வைத்தால் குளிரும். நடுக்கூடத்திலிருந்து அகலமான தேக்குப் படிக்கட்டு மாடிக்குப் போகும். நான் போனபோது கூடங்களெல்லாம் பலகையாலும் சாக்காலும் தடுக்கப்பட்டு, ஆறு குடும்பங்கள் இருந்தன. கீழே படிக்கட்டுக்குப் பக்கத்து அறை எங்களுடையது. என் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார்.

நான் எழுந்திருப்பதற்குள் மாடி அக்கா தடதடவென்று இறங்கி வந்துவிட்டாள். மீன் விற்பவள். அவள் கணவர் கப்பல் வேலையில் மூட்டை விழுந்து இடுப்பொடிந்து, மாடியில் கட்டிலோடு கிடந்தார். அந்தக் குடும்பத்துக்கு அவள் ஒருத்தியின் கூடைதான் சோறு போட்டது.

"இன்னா சார், எங்க வூட்ட அளந்துகினு கீற? யாரு அனுப்ச்சது உன்ன?"

வந்தவர் பயந்துபோய் டேப்பைச் சுருட்டினார். தான் அரசாங்க அதிகாரி என்றார், ஆபீஸ் இருக்கும் இடத்தையும் சொன்னார். மாநிலத்தில் இருக்கிற பழைய கட்டடங்களையெல்லாம் பார்த்து, காப்பாற்ற வேண்டியவை எவை என்று பட்டியல் எடுக்கிறார்களாம். அதில் சேர்ந்துவிட்டால் யாரும் இடிக்க முடியாதாம்.

"அப்ப நாங்க இன்னா சார் ஆவோம்?" என்று நான் கேட்டேன்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அது என் கையில இல்லம்மா. ஆனா அந்த மாதிரிக் கட்டடத்துல பொதுவா குடியிருக்க விடமாட்டாங்க."

அன்று சாயங்காலம் கூடத்தில் பெரிய சண்டை. "சும்மா உட்டா வூட்டுக்காரன் இடிச்சிருவான்க்கா. கவர்மெண்டு கைக்குப் போனா கல்லு மேல கை வைக்க முடியாது" என்றார் என் கணவர்.

"வூடு நிக்கும், கரெக்டு. நாம எங்க நிக்கறது?" என்றாள் அக்கா. "எவனோ வந்து சுவரத் தடவிப் பாத்துகினு போவான். நானு என் புருசன இட்டுகினு கொடுங்கையூர் குப்பமேட்டாண்ட குடிசை போடணுமா?"

அதிகாரியை இனி உள்ளே விடுவதில்லை என்று முடிவானது. மறுநாள் அவர் வந்து கேட் அருகே சற்று நேரம் நின்றார். எந்தக் கதவும் திறக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது, ஆனால் நானும் எழுந்து போகவில்லை.

அந்த வாரமே வீட்டுக்காரரின் கணக்குப்பிள்ளை வந்தார். மாதாமாதம் வாடகை வாங்க வருகிறவர்தான். இந்தமுறை பின்னால் கடப்பாரையோடு நான்கு ஆட்கள். ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரம். அக்கா மீன் எடுக்கப் போயிருந்தாள்.

"ரிப்பேரும்மா. படி உளுத்துப் போச்சு" என்றார் கணக்குப்பிள்ளை. அடுத்த நிமிஷம் அடிப்படியின் இடுக்கில் கடப்பாரை ஏறியது. தேக்கு அவ்வளவு லேசில் விடவில்லை. ஆணி கீச்சிடுவது வீடு முழுக்கக் கேட்டது. படிக்கட்டு இல்லையென்றால் மாடியில் இருக்கிறவர்கள் தாமாகப் போய்விடுவார்கள், மிச்சம் பேரும் பின்னாலேயே போவார்கள். இதுதான் கணக்கு என்று எனக்குப் புரிந்தது.

"இன்னா சத்தம் அது? யாரு ஒடைக்கிறது?" மேலிருந்து அக்காவின் கணவர் கத்தினார். அவரால் எழுந்து வந்து பார்க்க முடியாது. "கீழ யாராச்சும் கீறீங்களா?"

நான் ஓடிப்போய், இன்னும் உடைக்காத படியில் உட்கார்ந்துகொண்டேன். மற்றப் பெண்களும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். கடப்பாரை வைத்திருந்தவன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தான்.

"எந்திரிம்மா. கால்ல பட்டுடப் போவுது" என்றார் கணக்குப்பிள்ளை.

அப்போதுதான் என் வாயில் அந்தப் பேச்சு வந்தது. "இது கவர்மெண்டு லிஸ்ட்ல போயாச்சு. ஆபீசரு வந்து அளந்துகினு போனாரு, தெருவே பாத்துச்சு. இன்னொரு பலகை போச்சுன்னா போலீஸ் வரும்."

கணக்குப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஆட்களை அங்கேயே உட்காரச் சொன்னார். "முதலாளியக் கேட்டுட்டு, அந்த ஆபீஸுக்கே நேர்ல போயி விசாரிக்கிறேன். நீ சொன்னது பொய்யா இருந்துச்சுன்னா, இன்னைக்கே மொத்தப் படியும் போயிடும்."

அவர் ரிக்‌ஷா ஏறியதும், பெண்களைப் படியை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் மண்ணடிக்குப் போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நான் அதிகாரியின் ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் ஒவ்வொரு ரிக்‌ஷாவையும் உற்று உற்றுப் பார்த்தேன். கண்டக்டர் இருமுறை கேட்ட பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

அதிகாரி மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பாட்டை மூடினார்.

"நான் பொய் சொல்ல முடியாதும்மா. உங்க வீடு இன்னும் பட்டியல்ல சேரல."

"ஐயோ சார், மேல ஒரு மனுசன் எந்திரிக்க முடியாம கெடக்கறாரு."

அவர் வாயைத் திறப்பதற்குள் கணக்குப்பிள்ளை உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. நான் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்து, "உண்மையா சார்?" என்று கேட்டார்.

அதிகாரி நிதானமாகப் பேசினார். "அளவெடுப்பு பாதியில நிக்குது. முடியறதுக்குள்ள யாராவது இடிச்சா, யார் இடிச்சாங்கன்னு என் அறிக்கையில எழுத வேண்டியிருக்கும். உங்க முதலாளி பேரு என்ன?"

கணக்குப்பிள்ளை தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் கும்பிட்டேன். அதிகாரி, "பாதியில நிக்குதுன்னு சொல்லிட்டேன். முடிச்சாகணும். உள்ளே விடுவீங்களா?" என்றார். யாரையும் கேட்காமல் சரி என்றேன்.

வீடு திரும்பியபோது ஆட்கள் போயிருந்தார்கள். கீழ்ப்படிகள் இருந்த இடம் பொக்கையாக இருந்தது. அக்கா மீன்கூடையோடு அதன் எதிரே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "யாரக் கேட்டு சரின்ன நீ?" என்று சீறினாள். பிறகு என் தையல் மேஜையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, புருஷனிடம் போனாள். மேலே அவள் அழுதது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் என் கணவரும் பக்கத்து அறைக்காரர்களும், துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் அடித்தார்கள். ஒரு பலகையில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. அதை மிதித்துத்தான் மறுநாள் அதிகாரி மாடிக்குப் போனார்.

அதன்பிறகு பல மாதம் யாருக்கும் நிம்மதியில்லை. வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டால் நாங்கள் வெளியே, சேராவிட்டால் கடப்பாரை. கேட் கிரீச்சிட்டால் தையல் தப்பும்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்தபடி சொன்னார். "சேரல. கட்டடத்தை ரொம்ப மாத்திட்டாங்களாம். முக்கியமானவங்க யாரும் வாழ்ந்ததா ஆதாரமும் இல்லையாம்."

இனி அரசாங்கம் எங்களைக் காலி பண்ணாது என்று எனக்கு நிம்மதி. அக்காவோ கொதித்துவிட்டாள். அளவெடுக்கவே விடமாட்டேன் என்று நின்றவள்! "இன்னா சார், அவ்ளோ கேவலமா எங்க வூடு? இந்த மாதிரி படி வேற எங்க கீது, காட்டு பாப்போம்!"

"நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்" என்றார் அவர். அக்கா அவருக்கு டீ போடச் சொல்லி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

அவர் போன பிறகு, இந்தச் செய்தி கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஆறு குடும்பமும் பேசிவைத்துக்கொண்டோம். துறைமுகக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைக்கும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். வாடகை வாங்க வரும்போதெல்லாம் கணக்குப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிப்பார்.

"அந்த லிஸ்டு இன்னா ஆச்சு?"

"வந்துகினே கீது" என்பாள் அக்கா.